கண்ணுக்கு முன்னே காது

முதுகலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு மாணவி

ஆதிச்சநல்லூர்ப் பரம்பிலே, முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்ட குழியின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்து, 2023 ஆகஸ்டில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரந்தான். ஒரு சித்திரை மாதத்து நண்பகலில் அங்கே வெளியூர்ப் பெரியவர் ஒருவரைக் கண்டேன். கைப்பேசியைக் கண்ணாடியின் மேல் சாய்த்துப் பிடித்து, வளைகுடா நாட்டிலிருக்கும் தம் மகளுக்குத் தாழிகளைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“தெரியுதாம்மா?”

“ஒண்ணுந் தெரியலப்பா. வெறும் வெளிச்சமாத்தான் இருக்கு. ஆனா நீங்க சொல்லுறது நல்லா கேக்கு. சொல்லுங்க.”

அவரும் சொல்லத் தொடங்கினார். தாழியின் வாய் எவ்வளவு அகலம், உள்ளே எலும்பு எப்படிக் கிடக்கிறது, பக்கத்திலே என்னென்ன சட்டிகள் என்று கால் மணி நேரம் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ‘உம்’ என்ற ஒலி வந்துகொண்டே இருந்தது. ஒருமுறை அவர் குரல் அறுந்து அறுந்து போயிற்று. உடனே மகள், “வச்சிருங்கப்பா, திரும்பக் கூப்பிடுதேன்” என்றாள்.

நண்பர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். படம் முழுவதும் போயும் அந்தப் பெண் இருந்தாள். ஒலி சிறிது போனவுடன் எழுந்துவிட்டாள். கைப்பேசியின் தரம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பை நான் கேட்டதில்லை. ஆயினும் கடைத்தெருவிலே கைப்பேசி வாங்கப் போனால் நாம் கேட்பது என்ன? ‘கேமரா எத்தனை மெகாபிக்சல்? திரை எவ்வளவு பெரிது?’ ஒலிவாங்கி எப்படி என்று கேட்டவர் யாரேனும் உண்டா? நானும் கேட்டதில்லை.

படத்தையும் ஒலியையும் மக்கள் எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்பதை அளக்க அறிஞர்கள் ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தொலைக்காட்சிப் படத்துக்கு 1974-லேயே ஒரு பரிந்துரை வெளியிட்டது. தொலைபேசிக் குரலுக்கு 1996-ஆம் ஆண்டின் பரிந்துரை ஒன்று உண்டு. அடிப்படை எளியது. அமைதியான அறையிலே ஆட்களை உட்கார வைத்து, ஒரு துண்டைக் காட்டி அல்லது கேட்கச் செய்து, ஐந்திலிருந்து ஒன்று வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம், மிக மோசம். படச் சோதனைக்குக் குறைந்தது 15 பேர் வேண்டும். அறையின் வெளிச்சமும் திரையிலிருந்து அமரும் தொலைவும் கூட வரையறுக்கப்பட்டுள்ளன. எல்லார் மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி கண்டால் அதுவே தரம்.

முறையைக் குறை சொல்ல நான் அறிவியல் மாணவி அல்லள். எனினும் இரண்டு ஐயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலாவது, நம் ‘பரவாயில்லை’. ஆங்கிலத்திலே அது நடுவிலுள்ள மூன்றாம் படி. தமிழிலே அது ஒரு படியா? விருந்துக்கு வந்தவரிடம் ‘சாப்பாடு எப்படி?’ என்றால் ‘பரவாயில்லை’ என்பார். அது பாராட்டாகவும் இருக்கும், பொறுத்துக்கொண்டதாகவும் இருக்கும். காலை மிதித்தவன் மன்னிப்புக் கேட்டாலும் ‘பரவாயில்லை’தான். என் ஆச்சியிடம் கைப்பேசியில் ஒரு நாடகத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் காட்டி, “எப்படி இருக்கு ஆச்சி?” என்றேன். “பரவாயில்லளா” என்றாள். ஒலியைக் கரகரக்க வைத்துக் காட்டினேன். அதற்கும் “பரவாயில்ல”. ஆனால் இரண்டாம் தடவை சொல்லிக்கொண்டே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்! மதிப்பெண் வாயில் இல்லை, காலில் இருந்தது.

இரண்டாவது, அந்த அமைதியான அறை. அப்படி ஓர் அறையிலே கைப்பேசி பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? தூத்துக்குடியின் உப்பளத்துக்குப் போய்ப் பாருங்கள். விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் விளைந்த வெள்ளை உப்பு கண்ணைப் பறிக்கும். அந்த வெளிச்சத்திலே எந்தத் திரையும் கறுப்புப் பலகைதான். அங்கே கைப்பேசியில் ஓடும் திரைப்படம் வானொலி நாடகமாகிவிடுகிறது. மீன்பிடிப் படகிலோ நேர்மாறு: இயந்திரத்தின் இரைச்சலில் குரல் எடுபடாது, படமே உதவும். ஒரே கைப்பேசி, ஒரே காட்சி. உப்பளத்தில் ஒரு தரம், படகில் வேறொரு தரம். அறையிலே அமர்ந்து போட்ட மதிப்பெண் இவ்விரண்டில் எதற்குப் பொருந்தும்?

இனிப் படத்தின் நுட்பத்தைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். நல்ல கண் ஏறத்தாழ ஒரு கலை அளவு கோணத்தைப் பிரித்தறியும். அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கைப்பேசியை 30 செ.மீ. தொலைவில் பிடித்தால் அது 0.087 மி.மீ. ஆகும். ஆறு அங்குலத் திரையின் நீளம் சுமார் 13 செ.மீ. அதிலே 1,280 புள்ளிகள் அடங்கினால் ஒரு புள்ளி 0.10 மி.மீ.; 1,920 புள்ளிகள் என்றால் 0.07 மி.மீ. ஆக, 1,920-க்கு மேல் எத்தனை புள்ளிகள் சேர்த்தாலும் கண் அதைக் காணப் போவதில்லை. கையைச் சற்று நீட்டி 45 செ.மீ. தொலைவில் பிடித்தாலோ 1,280 புள்ளிகளே போதும். மிகுதியைக் காண்பது விளம்பரத்தாள் மட்டுமே.

ஒலிக்கு அப்படி இல்லை. பழைய தொலைபேசி வினாடிக்கு 300 முதல் 3,400 அதிர்வுகள் வரையிலான ஒலியை மட்டுமே கொண்டுசெல்லும். ‘ஸ’ போன்ற ஒலிகளின் உயிர் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. இன்றைய இணைப்புகள் 7,000 வரை செல்ல வல்லவை. ஆயினும் அலை சற்றுத் தளர்ந்தால் முதலில் உடைவது மெய்யெழுத்துக்களே. மங்கிய படத்தை மனம் நிரப்பிக்கொள்ளும். உடைந்த சொல்லை எதைக் கொண்டு நிரப்புவது?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். பெருந்தொற்றுக் காலத்தில் நான் இளங்கலை முதலாண்டு. வகுப்பறை என்பது என் அண்ணனின் பழைய கைப்பேசி. 2021 சனவரி முதல் ஏப்பிரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. வீதம் அரசு கல்லூரி மாணவர்க்கு இலவசமாக வழங்கியது நினைவிருக்கும். அந்த நாள்களில் ஒரு காலை, தொல்காப்பியத்தின் பிறப்பியல் பாடம். எழுத்துக்கள் நாவிலும் அண்ணத்திலும் எவ்வாறு பிறக்கின்றன என்று அம்மையார் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் இருந்த நாட்காட்டியின் தேதியைக் கூடப் படிக்க முடிந்தது. குரல்தான் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் மாறி மாறி ஒலித்துக் காட்டினார். எங்களுக்கு மூன்றும் ஒன்றாகவே கேட்டன. ‘வேறுபாடு விளங்குகிறதா?’ என்று அவர் கேட்க, நாங்கள் நாற்பது பேரும் ‘விளங்குகிறது அம்மா’ என்று எழுதி அனுப்பினோம். பாருங்கள், இதுவும் ஒரு ‘பரவாயில்லை’தான்.

முகத்தைப் பார்த்தால் சொல் விளங்காதா என்று கேட்கலாம். விளங்கும், ஓரளவு. மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இருவர் 1976-இல் ஒரு வியப்பான சோதனையை வெளியிட்டார்கள். காதுக்கு ‘பா’ என்ற ஒலியையும் கண்ணுக்கு ‘கா’ என்று உச்சரிக்கும் வாயையும் சேர்த்துக் கொடுத்தால், பலருக்கும் ‘டா’ போன்றதோர் ஒலி கேட்கிறதாம். கண்ணும் சேர்ந்தே கேட்கிறது என்பதற்கு இது சான்று. ஆயின் பகரமும் மகரமும் இதழில் பிறப்பவை. அவற்றைக் கண் காணும். லகர, ளகர, ழகரங்கள் வாய்க்குள்ளே நாவின் நுனியில் பிறப்பவை. எத்தனை இலட்சம் புள்ளிகள் இருந்தாலும் கேமரா அங்கே புகாது. தமிழ்ப் பாடத்துக்கு ஒலி வேண்டும்.

அன்றிரவு அம்மையாரே என்ன நினைத்தாரோ, கைப்பேசியை வாயருகே பிடித்துப் பேசி ஒரு குரற்செய்தி அனுப்பினார். பதினொரு நிமிடம். படம் இல்லை. மூன்று எழுத்துக்களும் முத்து முத்தாகப் பிரிந்து வந்தன. செலவும் எவ்வளவு குறைவு தெரியுமா? வினாடிக்கு 64 கிலோபிட் அளவில் அனுப்பும் ஒலி மணிக்கு 29 எம்.பி.யைத்தான் எடுக்கும், ஒரு மெகாபிட் படமோ மணிக்கு 450 எம்.பி. காட்சியைக் குறைத்து ஒலியைக் கூட்டினால் இலவச 2 ஜி.பி. இன்னும் எத்தனை வகுப்புகளுக்கு வந்திருக்கும்!

செவிப்புலன் குன்றிய நண்பர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குக் கை அசைவும் திரையின் அடியில் ஓடும் எழுத்துமே குரல். அவை தடங்கலின்றி வரவேண்டும்.

ஒலியும் படமும் பிரிந்து ஓடுவது இன்னொரு தொல்லை. ஒலி படத்துக்கு முன்னே ஓடினால் வினாடியில் ஆயிரத்தில் 45 பங்கிலேயே நாம் கண்டுபிடித்துவிடுகிறோம். பின்தங்கினால் 125 பங்கு வரை பொறுக்கிறோம் என்று 1998-ஆம் ஆண்டின் பரிந்துரை ஒன்று கூறுகிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை? தாமிரபரணிக் கரையிலே நின்று பார்த்தால் விடை கிடைக்கும். நூறு மீட்டர் தள்ளி ஒருவர் துணியைக் கல்லில் அறைவதைக் கண்ட பிறகு கால் வினாடிக்கு மேல் கழித்துத்தான் ஓசை வந்து சேரும். ஓசை பிந்துவது இயற்கை. முந்துவதை ஒருபோதும் கண்டதில்லை.

பொறுமை என்பதும் தரத்தைப் போலவே நிலையான அளவு அன்று. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-இலேயே வந்தும் எங்கள் பக்கத்துக்கு அது எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும், தென்கரை ஊர்களில் வீட்டு மாடிகளில் உயரமான கம்பங்களை நட்டு அதைப் பிடித்தார்கள். காற்றும் வானமும் ஒத்துவந்த மாலைகளில் படம் தெரியும். மற்ற நாள்களில் திரை முழுவதும் புள்ளி மழை. தாத்தா அந்த மழைக்குள்ளே கிரிக்கெட் பந்தைத் தேடியதாகச் சொல்லுவார். அதே தாத்தா இன்று கைப்பேசியில் வட்டம் இரண்டு சுற்றுச் சுற்றினால், “இது ஆவாது” என்று கீழே வைத்துவிடுகிறார்.

இது தாத்தாவின் குணம் மட்டுமன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவில் பேராசிரியராயிருக்கும் ரமேஷ் சீதாராமனும், எஸ். சண்முக கிருஷ்ணனும் 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். 67 இலட்சம் பேர் 2 கோடியே 30 இலட்சம் முறை இணையத்தில் படம் பார்த்த பதிவுகளை ஆராய்ந்தார்கள். படம் தொடங்க இரண்டு வினாடிக்கு மேலானால் ஆட்கள் எழத் தொடங்குகிறார்கள். அதன் பின் ஒவ்வொரு வினாடிக்கும் மேலும் 5.8 விழுக்காட்டினர் போய்விடுகிறார்கள். விரைவான இணைப்பு உடையவரே விரைவாகப் பொறுமை இழக்கிறார். கைப்பேசியில் பார்ப்பவர் நெடுநேரம் காத்திருக்கிறார். இவர்கள் யாரிடமும் மதிப்பெண் கேட்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. என் ஆச்சியின் காலைப் பார்த்தது போலப் போனவர்களை எண்ணினார்கள்.

ஆனால் போகாமல் இருப்பவர் எல்லாரும் தரத்தை ஏற்றவர் ஆகிவிடுவாரா? அதுதான் என் கேள்வி. வருகைப் பதிவுக்காக அமர்ந்திருந்த நாங்கள் நாற்பது பேரும் அந்த வகுப்பைவிட்டுப் போகவில்லை. கணக்கெடுத்தால் நூற்றுக்கு நூறு. கேட்டதோ ஒன்றுமில்லை.

2023 டிசம்பர் 17, 18 நாள்களின் வெள்ளத்தையும் நினைக்கிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. திருவைகுண்டத்தில் இரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரங்களும் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. சென்னையிலிருந்த அக்காவுக்கு எங்களிடமிருந்து இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது ஏழு வினாடிக் குரற்செய்தி ஒன்று. மழை இரைச்சலுக்கிடையே அப்பா, “எல்லாரும் மேட்டுல இருக்கோம்” என்கிறார். அந்த அறையிலே 15 பேரை அமர்த்திக் கேட்கச் செய்தால் ஐந்துக்கு ஒன்றுதான் போடுவார்கள். அக்கா அதை இன்னும் அழிக்கவில்லை.

நம் துறையிலும் இப்போது சொற்பொழிவுகளைப் படம் பிடித்து ஏற்றும் வழக்கம் வந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் நல்ல கேமராவை அரங்கின் கடைசி வரிசையில் நிறுத்தி, அதன் காதாலேயே பேச்சையும் பிடிக்கிறோம். மின்விசிறிதான் முதலில் கேட்கிறது. சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி சில நூறு ரூபாய். அதை வாங்கும் வரை, பேசுபவரின் சட்டைப்பையிலே மற்றொரு கைப்பேசியை வைத்துப் பதிந்தாலும் போதும். ஏற்றுவதற்கு முன் ஒரு மாணவர் அதைத் தம் சொந்தக் காதணியிலே, திருச்செந்தூர்ப் பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து ஒருமுறை கேட்கட்டும். செய்துங்கநல்லூர் வருவதற்குள் பேச்சு விளங்கினால் ஏற்றலாம். விளங்காவிட்டால் பேசியவரிடமே போய்ச் சொல்லி, மறுபடி பதிந்துகொள்ளலாம். சொல்லும்போது ‘பரவாயில்லை அம்மா’ என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.