பெயர் கேட்காத கூட்டம்

மகனின் குடிப்பழக்கத்தால் சன்னதியில் கண்ணீர் உகுக்கும் பெற்றோரே, 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ தமிழிலும் கூட்டங்கள் நடத்துகிறது. கட்டணமில்லை; குடியை நிறுத்தும் விருப்பமே தகுதி. தொலைபேசியில் விசாரித்தால் அருகிலுள்ள இடத்தைச் சொல்வார்கள். ‘திறந்த கூட்டம்’ எனில் குடும்பத்தாரும் செல்லலாம்.

என் நண்பருக்குக் கிடைத்த முகவரி ஒரு தேவாலய வளாகம். தயங்கினார். இடம் மட்டுமே அவர்களுடையது, அமைப்பு எம்மதத்தையும் சார்ந்ததன்று என்று கூறி உடன் சென்றேன். கையொப்பமின்றிக் காசு தராத வங்கியில் உழைத்த எனக்கு, முழுப்பெயரும் கேளாத அவ்விடம் வியப்பளித்தது.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். முதலில் மருத்துவரைக் காண்பது அவசியம்.

நண்பரின் மகன் இன்னும் வரவில்லை. குடும்பத்தினருக்கான ‘அல்-அனான்’ கூட்டத்திற்கு நண்பர் மட்டும் வாரந்தோறும் செல்கிறார்.