சாராய மூடியும் கலையும்

கலை வேறு, ஜன சமூகத்தின் கஷ்ட நஷ்டங்கள் வேறு. இரண்டையும் சேர்த்தால் கலை கெட்டுவிடும் என்று ஒரு ரசிகர் கூட்டம் ஓயாமல் கூச்சலிட்டு வருகின்றது. அக்கூட்டத்தாரை நாம் ஒன்று கேட்கின்றோம்.

இன்று கானா எனப்படும் நாட்டில் 1944-ல் பிறந்து, நைஜீரியாவில் ஆசிரியராயிருந்த எல் அனாட்சுயி என்னும் சிற்பி, குடித்தெறிந்த மதுப் புட்டிகளின் மூடிகளை ஆயிரக்கணக்கில் சேர்க்கின்றார். உதவியாளர்களோடு அவற்றைக் கையாலேயே தட்டி, மடித்து, துளையிட்டு, செப்புக் கம்பியால் பிணைக்கின்றார். தூரத்தில் பார்த்தால் ராஜாக்களின் பொன்னாடை. கிட்டப் போனால் சாராய மூடி!

ஏன் சாராய மூடி? ஐரோப்பிய வியாபாரிகள் ஆப்பிரிக்காவில் மதுவைக் கொடுத்து மனிதனை வாங்கினார்கள். அந்த வெட்கக்கேட்டைத்தான் அம்மூடிகள் பேசுகின்றன.

இதனால் கலை கெட்டதா? அதே ஐரோப்பாவின் வெனிஸ் கலைக்காட்சியே 2015-ல் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கப் பரிசை அவருக்கு அளித்ததே! இதற்கு ரசிகர்களின் பதில் என்ன?

ஆகவே தோழர்களே! எந்தக் கலையைக் கண்டாலும் அழகா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். அது யாருடைய பாட்டைச் சொல்லுகின்றது, யாருடைய அக்கிரமத்தை மறைக்கின்றது என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்கத் துணிந்தவனையே நாம் ரசிகன் என்போம்.