பிடி அரிசியின் கணக்கு

‘அரிசிக்கு மதம் மாறியவர்கள்.’ தென்மாவட்டத்துக் கிறித்தவ தலித் குடும்பத்தில் பிறந்த எவரும் இந்த வசவைக் கேட்காமல் பள்ளிப்படிப்பை முடித்திருக்க மாட்டார்கள். முன்பு டீக்கடையில் சொன்னார்கள், இன்று வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள். கூடவே ‘வெளிநாட்டுப் பணம்’ என்ற வாலும் சேர்ந்துகொண்டது.

எங்கள் ஆச்சிக்கு அரிசியோடு இருந்த உறவு வேறு. உலை வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனியாக ஒரு தகர டப்பாவில் போடுவார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் போட்டார், பிடி மட்டும் சிறுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அங்கே எல்லார் வீட்டு அரிசியும் ஒன்றாகக் கலந்து விற்கப்பட்டு, காசாகி ‘ஊழியத்துக்கு’ப் போகும். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் நூறாண்டுக்கும் மேலாக இதே போலப் பிடி அரிசி எடுத்துவைத்து வருகிறார்கள். இன்று அது ஆண்டுக்குப் பல கோடி ரூபாய். அவர்களுடைய மிஷனரிகள் அந்தப் பணத்தில்தான் வெளி மாநிலங்களுக்குப் போகிறார்கள். அரிசி வாங்கியவர்கள் என்று ஏசப்படுகிற மக்கள், உண்மையில் அரிசி கொடுத்தவர்கள்.

‘அரிசிக்கு’ என்று ஏசுவதால் ஒரு பஞ்சக் கதையைச் சொல்லியாக வேண்டும். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது ஓங்கோலில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜான் கிளஃப் இருந்தார். அவர் அங்கு போய்ச் சேர்ந்த ஆரம்ப நாட்களிலேயே தன்னைத் தேடிவந்த பெரய்யா என்ற மாதிகா மனிதர்தான் ஊர் ஊராக அந்த இயக்கத்தைக் கொண்டுபோனவர். பஞ்சம் வந்ததும் கிளஃப், பக்கிங்காம் கால்வாயில் சில மைல் தூரத்தை வெட்டும் ஒப்பந்தத்தை அரசிடமிருந்து எடுத்து, பட்டினியில் கிடந்த மக்களுக்குக் கூலிவேலை கொடுத்தார். நிவாரண வேலை நடந்த மாதங்களில் ஞானஸ்நானம் கொடுப்பதையே நிறுத்திவைத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதுதான் காரணம். பிறகு 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சோற்றுக்குத்தான் என்றால் சோறு கிடைத்த மாதங்களில் காத்திருந்தவர்கள் பிறகு எதற்கு வந்தார்கள்? தன்னைத் தொட்டால் தீட்டு என்று சொல்லாத இடத்தைத் தேடிப் போவது ஒரு மனிதருக்குப் போதுமான காரணம் என்பதை ஆதிக்கசாதி மனம் ஒப்புக்கொள்ளாது. அதற்கு அரிசிதான் புரியும்.

‘வெளிநாட்டுப் பணம்’ என்ற கதைக்குத் திருநெல்வேலியிலேயே பதில் இருக்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியாவும் நண்பர்களும் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆட்கள், பணம், நிர்வாகம் எல்லாம் உள்ளூரிலிருந்தே வர வேண்டும் என்பது அவர்கள் எடுத்த முடிவு. ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலம் போன பூசணிக்காயும் சேவலும், பெண்களின் காணிக்கைப் பையும் சேர்ந்து நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்த டோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பின. அசரியா தானே அங்கு போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அந்தச் சபைக்குள் திரண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். சில தலைமுறைகளுக்கு முன்பு கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட நாடார் சமூகத்தின் காசு, தன்னைவிடவும் கீழே தள்ளப்பட்ட மக்களுக்குப் பள்ளிக்கூடமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இது சின்ன விஷயமல்ல.

ஆனாலும் ஆவணங்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி விடாமல் வருகிறது. டோர்ணக்கல் வரை போன அந்த அன்புக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போக மட்டும் ஏன் அத்தனை தயக்கம்? தூரத்தில் இருக்கும் தலித் ‘தேவையில் இருப்பவர்’. பக்கத்தில் இருக்கும் தலித்தோ பெஞ்சில் இடம் கேட்பவர், கமிட்டியில் ஓட்டு கேட்பவர். மதுரையில் அமெரிக்க மிஷன் 1847-இல் தன் ஊழியர்களைச் சேர்ந்து உட்காரவைத்து, சாதி பார்க்காமல் சமைத்த சோற்றைச் சாப்பிடச் சொல்லிச் சோதித்தது. பலர் இலையைத் தொடவில்லை, வேலையை விட்டுப் போனார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவே எழுப்பிய சுவரும், 2008-இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்டபோது நடந்ததும் இதன் தொடர்ச்சிதான்.

காணிக்கைப் பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை அம்பேத்கர் அன்றே கேட்டார். தீண்டப்படாதோரின் மதமாற்றம் பற்றிய கட்டுரைகளில் மிஷனரிகளின் சேவையை அவர் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய கல்லூரிகளும் மருத்துவமனைகளும் சாதி இந்துக்களுக்கே அதிகம் பயன்பட்டன, கிராமத்து ஏழைக் கிறித்தவர் கவனிப்பாரின்றிக் கிடந்தார் என்று கணக்கோடு குற்றம் சாட்டினார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் உண்டியலில் போட்ட செப்புக்காசில் கட்டிய கல்லூரியில், அக்கிரகாரத்துப் பையன் படித்து நீதிபதியானான். சேரிப் பையன் அந்தக் கட்டடத்துக்குக் கல் சுமந்தான்.

அந்தப் பணம் சரியாகச் செலவான இடங்களும் உண்டு. செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் பறையர் மக்களின் நிலமில்லாக் கொடுமையைப் பற்றி அரசுக்கு ஓயாமல் மனு எழுதினார்கள், மிராசுதார்களை எதிர்த்து நின்றார்கள். ஆட்சியர் திரெமென்ஹீரின் 1891 அறிக்கையும், 1892-இல் வந்த பஞ்சமி நில ஆணையும் அந்தச் சூழலில் பிறந்தவை. ஸ்காட்லாந்துச் சபையில் காணிக்கை போட்டவர் எழுப்புதல் கூட்டத்தையோ பசித்த குழந்தையையோ நினைத்துத்தான் போட்டிருப்பார். அந்தக் காசு ஒரு மனிதரைப் பல ஆண்டுகள் அந்த ஊரிலேயே இருக்கவைத்தது, பட்டாவையும் புறம்போக்கையும் படித்துத் தெரிந்துகொள்ளவைத்தது. என் கணக்கில், நூறு பேருக்குக் கஞ்சி ஊற்றியதைவிடப் பெரிய ஊழியம் அதுதான்.

இனி என் கதை. நானும் காணிக்கையில் படித்தவன். ஒரு கிறித்தவ விடுதியில் எட்டு வருடம். எனக்குச் சோறும் சீருடையும் போட்டது கடல் கடந்து வாழ்ந்த ஒரு குடும்பம். வருடத்துக்கு ஒருமுறை புதுச்சட்டை போட்டு நிறுத்திப் படம் எடுப்பார்கள். சிரிக்கக் கூடாது என்று வார்டன் சொல்வார். பிறகு கடிதம். ‘உங்கள் உதவியால் நான் நன்றாக இருக்கிறேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன்’ என்று கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுத வேண்டும். ஒருமுறை என் தங்கைக்கு மஞ்சள் காமாலை என்று சேர்த்து எழுதினேன். வார்டன் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் கொடுத்தார். அந்தக் குடும்பத்தின் மீது எனக்கு இன்றும் நன்றி உண்டு. அந்த வயதில் என்னை யாராவது பணம் கொடுத்துப் படிக்கவைத்திருக்காவிட்டால் இந்த வரிகளை எழுதியிருக்க முடியாது. ஆனால் அவர்களோடு நான் ஒரு நாளும் பேசவே இல்லை. பேசியதெல்லாம் கரும்பலகைதான்.

இன்று அந்த விடுதிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. 2017-இல் கம்பாஷன் இன்டர்நேஷனல் இந்தியாவை விட்டு வெளியேற்றப்பட்டபோது ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றது. 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், நன்கொடை பெறும் ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்றது. கேட்க நியாயமான விதிபோல இருக்கும். நடைமுறையில், டெல்லியில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆடிட்டர் வைத்துக்கொள்ளத் தெம்பில்லாத, தலித்துகள் நடத்தும் சின்னச் சின்ன அமைப்புகள்தான் முதலில் மூச்சுத் திணறின. 2021 டிசம்பரில் அன்னை தெரசாவின் சபைக்கே உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தார்கள். உலகமே பேசியதால் இரண்டே வாரத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். சேரிக்குள் இருபது பிள்ளைகளை வைத்து மாலைப் பள்ளி நடத்தும் அக்காவுக்காக எந்த உலகம் பேசும்?

இன்னொரு பக்கம், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இன்றும் கிறித்தவ தலித்தைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்துகிறது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. அரசும் தராது, அடுத்தவர் தருவதையும் வாங்க விடாது. இதை எதிர்த்துப் பேச வேண்டிய திருமண்டலங்களோ, சொத்து வழக்குகளிலும் தேர்தல் கோஷ்டிகளிலும் மூழ்கிக் கிடக்கின்றன.

அதனால் தோழர்களே, சங்கிகளின் வசவுக்குப் பதில் சொல்லும் அதே வாயால் நம் சபைகளிடம் மூன்று விஷயங்களைக் கேட்போம். ஊழியக் காணிக்கையின் வரவு செலவு ஒவ்வொரு சேகரத்திலும் தமிழில், கோயில் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அதைச் செலவழிக்கும் குழுவில், யார் பேரைச் சொல்லிப் பணம் திரட்டப்படுகிறதோ அவர்கள் ஓட்டுரிமையோடு உட்கார வேண்டும். பிள்ளைகளின் கடிதத்தைப் பிள்ளைகளே எழுத வேண்டும்.

சென்ற ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலம் முடிந்து, அசனத்துக்கு இலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பொருளாளரிடம் போய், பிடி அரிசிக் காசு இந்த வருடம் எவ்வளவு, எங்கே போனது என்று கேட்டேன். “ஊழியத்துக்கு அனுப்பியாச்சு தம்பி, முதல்ல சாப்பிடுங்க” என்றார். சாப்பிட்டேன். இந்த வருடம் ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கப் போகிறேன்.