கொடுத்தவர் பொறுப்பா, வாங்கியவர் பொறுப்பா?

ஒரு தொழிலாளியின் வீடு லேலாங்குக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டால் தோட்டத்தில் முதலில் எழும் பேச்சு என்ன? "தகுதிக்கு மீறி ஆசைப்பட்டான், அனுபவிக்கிறான்" என்பதுதான். கடன் கொடுத்தவரைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. இது ஒருதலைத் தீர்ப்பு என்பதே நமது கருத்து. லயத்தை விட்டு வெளியேறி, டுரியான் துங்கால், காடெக், அலோர் காஜா வட்டாரங்களில் சொந்த வீடு தேடும் பால்வெட்டுத் தொழிலாளரும் கிராணிமாரும் இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டின் விலை முழுவதையுமோ, அதில் பெரும்பகுதியையோ கடனாகக் கொடுத்து, பின்னர் விலை விழுந்தபோது அல்லற்படுவது நமது தொழிலுக்குப் புதிய கதையன்று. 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்ட பிறகு, பெரிய தோட்டக்காரர் முதல் இரண்டு ஏக்கர் கம்பத்துக்காரர் வரை எல்லோரும் ரப்பரை நம்பினர். 1910-இல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. நிலத்தின் விலையும் கூடவே ஏறியது. கிட்டங்கியில் பெட்டியடியின் முன் அமர்ந்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நிலப் பட்டாவை வாங்கி வைத்துக்கொண்டு பணம் கொடுத்தனர். (நூற்றாண்டுகளாக இங்கேயே வாழும் மலாக்காச் செட்டிகள் வேறு, அவர்களை இதில் இழுக்க வேண்டாம்.) 1932-இல் அதே ரப்பர் ராத்தல் 2 பென்ஸ் அளவுக்கு வந்து நின்றது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பதை நினைவிற்கொண்டால் வீழ்ச்சியின் ஆழம் விளங்கும். விலை ஏறியிருந்தபோது பாதி மதிப்புக்குக் கொடுத்த கடன்கூட, விலை விழுந்தபின் முழு மதிப்பையும் விழுங்கிவிட்டது.

அப்போதும் இதே கேள்வி எழுந்தது. அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்கம் 1931-இல் சிறு நிலங்களின் விற்பனையைக் கட்டுப்படுத்திச் சட்டம் செய்தது. 1933-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலங்களை மலாய்க்காரர் அல்லாதாரிடம் அடகு வைப்பதற்கும் தடை போட்டது. அதனால் சிறு விவசாயிக்குக் கடன் கிடைக்கும் வழி சுருங்கியது என்பதும் மெய்யே. ஆயினும், "கையெழுத்துப் போட்டவன் பாடு" என்று அரசு கைகழுவிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பர்மாவில் நடந்தது இன்னும் பெரிது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 6 விழுக்காடு. 1937-இல் அது 25 விழுக்காடு! அவர்கள் விரும்பியது நிலமன்று, ரொக்கம். நெல் விலை சரிந்தபின் நிலம்தான் வந்து சேர்ந்தது. ஜப்பானியர் படையெடுப்பில் அந்நிலத்தை விட்டு ஓடினர். 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. உழவனும் அழிந்தான், வட்டிக்காரரும் அழிந்தார். அளவு மீறிக் கொடுத்ததற்குரிய தண்டனை கொடுத்தவர் தலையிலும் விழுந்தது.

இன்றைய வங்கியின் நிலை அவ்வாறில்லை. 2011-இல் தொடங்கிய முதல் வீட்டுத் திட்டத்தில் 100 விழுக்காடு கடன் தரப்பட்டது. 90-க்கு மேற்பட்ட பகுதிக்குச் சகாமாஸ் நிறுவனம் ஜாமீன் நின்றது. முன்பணம் சேர்க்க முடியாத இளைஞருக்கு அது உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் வங்கிக்கு ஜாமீன் கிடைத்தது. தொழிலாளிக்கு என்ன கிடைத்தது?

கணக்கைப் பாருங்கள். 2 இலட்சம் வெள்ளி வீடு, முழுக்கடன், 4 விழுக்காடு வட்டி, 35 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 886 வெள்ளி. 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளமோ 1,700 வெள்ளி! ஐந்தாண்டு தவறாமல் கட்டினால் கையை விட்டுப் போவது 53,000-க்கு மேல். அசலில் குறைவது சுமார் 14,500 மட்டுமே. அதன்பின் நோய் வந்து வேலை நின்று வீடு லேலாங்குக்குப் போகிறதென்று வைத்துக்கொள்வோம். கேட்பாரில்லை எனில் ஏல விலையைப் பத்துப் பத்து விழுக்காடாக இறக்குவது வழக்கம். 2 இலட்சத்தில் தொடங்கி மூன்று முறை இறக்கினால் 1,45,800. பாக்கி சுமார் 40,000 வெள்ளி. வீடும் இல்லை, கடனும் தீரவில்லை! அந்தப் பாக்கிக்கும் வங்கி வழக்குத் தொடரலாம்.

வீட்டை மதிப்பிட ஆள் வைத்திருப்பவர் யார்? மனுதாரரின் பழைய கடன்களையெல்லாம் பார்க்க வசதி உள்ளவர் யார்? எத்தனை விழுக்காடு கொடுப்பது என்று முடிவு செய்பவர் யார்? எல்லாம் வங்கியே. 2010 நவம்பரில் மூன்றாவது வீட்டுக் கடனுக்கு 70 விழுக்காடு வரம்பு விதித்த பேங்க் நெகாரா, அதை வங்கிகளுக்குத்தான் விதித்தது. கடனின் அளவுக்குக் கொடுப்பவரே காவல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பக்கத்துக் குறைகளையும் மறைப்பதற்கில்லை. விற்பனைப் பத்திரத்தில் விலையை ஏற்றி எழுதி, மிச்சப் பணத்தில் மோட்டார் வாங்கச் சொல்லும் தரகர்கள் உலவுகிறார்கள். தெரிந்தே அதற்கு உடன்படுபவருக்காகச் சங்கம் வாதாடாது. கிராணிமார்களுக்கும் ஒரு சொல். வங்கிக்காக வழக்கமாகக் கேட்கப்படுவது மூன்று மாதச் சம்பளச் சீட்டு. பால் நன்றாக வந்த மாதங்களின் சீட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் வங்கி ஒரு செல்வந்தனைக் காண்கிறது. இலையுதிர் மாதங்களும் அடைமழை நாட்களும் அந்தச் சீட்டில் இல்லை. தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும். இனி முழு ஆண்டு வருமானத்தையும் எழுதி இணைத்துக் கொடுங்கள். கடன் குறையும் என்று தொழிலாளி சினந்தாலும் கொடுங்கள்.

1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, 100 வெள்ளிப் பங்கை மாதம் பத்துப் பத்தாகக் கட்டி நம் மக்கள் தோட்டமே வாங்கினார்கள். சேமநிதியிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் வசதி இன்றைக்கு இருக்கிறது. பத்து விழுக்காடாவது சொந்தப் பணம் சேரும்வரை பொறுப்பது, வாங்குபவர் ஏற்க வேண்டிய பங்கு.

கொடுப்பவரின் பங்கைச் சட்டம்தான் வாங்கித்தர வேண்டும். 2017-இல் திவால் சட்டத்தைத் திருத்தி, பிறர் குடியிருக்கும் வீட்டுக் கடனுக்குக் கைம்மாறு கருதாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்கக் கூடாதென்று செய்தார்கள். நன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், குடியிருக்க வாங்கிய வீட்டை வங்கி எடுத்துக்கொண்டால் மிச்சக் கடனுக்காக வாங்கியவரைத் துரத்த முடியாது. அதே விதி இங்கும் வேண்டும். தொழிலாளி குடியிருந்த முதல் வீட்டின் சாவி வங்கிக்குப் போன அன்றே கணக்குத் தீர வேண்டும். மிச்ச நட்டம், முழு மதிப்புக்கும் கடன் கொடுக்கத் துணிந்தவருடையது. கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக வைக்கக் கோருகிறோம். அதுவரை, வங்கியின் கடன் கடிதம் கைக்கு வந்தவர்கள் கையெழுத்திடுமுன் அதைக் கிளைச் செயலாளரிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.