விளையாட்டுக்கும் ஒரு நாள் குறியுங்கள்



தவறான அறிவுரை கூறியவர் அதைத் திருத்தவும் கடமைப்பட்டவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத் தலைவருக்கு நாம் கூறிய அறிவுரையை இம்மாதம் இப்பக்கத்தில் திருத்திக்கொள்ள விரும்புகிறோம். அவரும் அவருடைய துணைவியாரும் இசைவு தந்த பின்னரே எழுதுகிறோம். அவர்கள் இன்னார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின், கோவில் தாழ்வாரத்தில் நம்மைத் தனியே சந்தித்த அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருக்கும். “சுவாமி, என் வயதில் கதை விளையாட்டு ஆடுவது தவறா?” என்று தயங்கியபடி கேட்டார். கல்லூரிக் காலத் தோழர் ஐவர் மாதம் ஒரு சனிக்கிழமை இரவில் கூடி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, கதை ஒன்றைச் சேர்ந்து நடத்துவார்களாம். வீட்டில் இதனால் மனத்தாங்கல். “இரண்டு பிள்ளைகளின் தகப்பன் மந்திரவாதியாக நடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா?” என்று துணைவியார் கேட்கிறாராம்.

நாம் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “குழந்தைப் பருவத்துக்குரியவற்றை வளர்ந்தபின் விட்டுவிட்டதாகப் புனித சின்னப்பர் எழுதியிருக்கிறாரே! பகடையை மூட்டை கட்டிவிட்டுச் செபமாலையைக் கையில் எடும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் கீழ்ப்படிந்தார்.

இரண்டு ஆண்டுகள் சென்றபின் துணைவியார் வந்தார். “சுவாமி, விளையாட்டை விட்டுவிட்டார். ஆனால் அந்த நேரம் எங்களுக்கு வந்து சேரவில்லை” என்றார். அலுவலகத்திலிருந்து வந்தால் நள்ளிரவு வரை கைப்பேசியே கதியாம். செபமாலையும் இல்லை, பேச்சும் இல்லை, முன்பிருந்த சிரிப்பும் இல்லை. தோழர் கூட்டமும் கலைந்துவிட்டது. அந்த ஐவரில் ஒருவர் மனைவியை இழந்தவர் என்பதும், மாதத்தில் அந்த ஓர் இரவுதான் அவர் பிறரோடு அமர்ந்து உண்டு சிரித்த இரவு என்பதும் அன்றுதான் நமக்குத் தெரிய வந்தது. முன்பு நாம் கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்புச் சொன்னோம்.

ஆகவே, அது என்ன விளையாட்டு என்பதை முதலில் விசாரித்தோம். அதன் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்கள் உருவாக்கியது. 1974 இல், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து ஆயிரம் படிகளாக முதன்முதல் வெளிவந்தது. பொம்மைப் படைகளைக் கொண்டு மேசைமேல் போர் நடத்தும் பழைய விளையாட்டிலிருந்து பிறந்தது. அங்கே ஒருவர் ஒரு படையையே நடத்துவார். இங்கோ ஒருவர் ஓர் ஆளாக மட்டும் ஆகிறார்: ஒருவர் வீரர், ஒருவர் வைத்தியர், ஒருவர் மந்திரவாதி என்று.

கூட்டத்தில் ஒருவர் கதையை நடத்துகிறார். “காட்டின் நடுவே பாழடைந்த கோட்டை, வாசலில் ஒரு கிழவி அழுதுகொண்டிருக்கிறாள், என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று அவர் கேட்க, மற்றவர் தத்தம் பாத்திரத்துக்கேற்ப விடை சொல்வர். முயற்சி பலிக்குமா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டிக் காண்பர். பணம் வைத்து ஆடுவதில்லை. ஒருவர் வென்று மற்றவர் தோற்பதும் இல்லை. ஒரே கதை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தொடரும். ஒரு முறை அமர்ந்தால் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பறக்கும் நாகத்தைக் கொல்வதைவிட, குடும்பமும் வேலையும் உள்ள ஐந்து பேருக்கு ஒரே மாலையில் ஓய்வு கிடைப்பதே கடினம் என்று அவர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்களாம்.

1980களில் அமெரிக்காவில் கிறிஸ்தவர் சிலர், இது பேய் வழிபாட்டுக்கு இழுத்துச் செல்லும் என்று அஞ்சிக் கூக்குரல் எழுப்பினர். கதையில் வரும் மந்திரவாதி கதையில் வருபவனே. நம் ஊர்களில் மூவரசர் நாடகத்தில் ஏரோது வேடமிடும் பங்கு மகன், மாசில்லாக் குழந்தைகளைக் கொன்றவனாகிவிடுவதில்லை. கதை கொடுமையிலும் ஆபாசத்திலும் திளைக்குமானால் அது வேறு. அப்போது எழுந்து போய்விட வேண்டும். நாவலுக்கும் திரைப்படத்துக்கும் நாம் சொல்லும் அளவுகோல்தானே இது!

இனி, வளர்ந்தவர் விளையாடலாமா என்னும் கேள்விக்கு வருவோம். குருமடத்தில் படித்த பாடம் ஒன்றை அன்று நாம் மறந்துவிட்டோம். புனித தாமஸ் அக்குவினாஸ் தமது ‘இறையியல் தொகுப்பு’ நூலில் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவில், 168 ஆம் வினாவில், விளையாட்டைப் பற்றியும் ஆராய்கிறார். உடல் உழைத்துக் களைப்பது போல ஆன்மாவும் சிந்தித்துக் களைக்கிறது. உடலுக்கு உறக்கம் போல ஆன்மாவுக்கு மகிழ்ச்சியே இளைப்பாறுதல் என்பது அவர் கருத்து.

அவர் எடுத்துக்காட்டும் பழங்கதை ஒன்று உண்டு. நற்செய்தியாளர் புனித அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு சிலர் முகம் சுளித்தனராம். அவர்களுள் ஒருவரிடம் வில் இருந்தது. அம்பு எய்யச் சொன்னார் அருளப்பர். அவர் பலமுறை எய்தார். “இப்படியே ஓயாமல் எய்ய முடியுமா?” என்று கேட்டதற்கு, “வில் ஒடிந்துவிடும்” என்றார் அவர். ஓயாது வளைத்தால் மனமும் அப்படியே ஒடியும் என்றாராம் முதிய அப்போஸ்தலர்.

தாமஸ் அதோடு நிற்கவில்லை. விளையாட்டு இழிவானதாகவோ பிறருக்குத் தீங்கானதாகவோ இருத்தலாகாது. மனக்கட்டுப்பாட்டை அடியோடு இழக்கச் செய்யலாகாது. ஆளுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்த வேண்டும் என்று மூன்று வரம்புகள் இடுகிறார். மிகுதியான விளையாட்டு குற்றம் என்கிறார். தானும் மகிழாது பிறர் மகிழ்ச்சியையும் கெடுக்கிற கடுகடுப்பும் குற்றமே என்று அடுத்தாற்போல் எழுதுகிறார். பின்னதை நாம் பிரசங்கத்தில் சொல்லுவதே இல்லை!

புனித சின்னப்பரையும் நாம் தவறாகவே துணைக்கழைத்தோம். அவ்வதிகாரத்தில் அவர் பேசுவது பகடையையும் பந்தையும் பற்றியன்று. இன்று அரைகுறையாக அறியும் நாம் ஒருநாள் இறைவனை முகமுகமாய்க் காண்போம் என்பதை விளக்கவே குழந்தைப் பருவத்தை உவமை காட்டினார். குழந்தைகளைப் போல் ஆகச் சொன்னவர் ஆண்டவர் அல்லரோ?

வேறொருவராகத் தம்மைக் கற்பனை செய்துகொள்வது வெறும் பொய்யோ என்றும் சிலர் ஐயுறலாம். லொயோலா புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில், பெத்லகேம் குகைக்குள் நம்மையே ஓர் ஏழை ஊழியனாக நிறுத்திக்கொண்டு, அன்னைக்கும் குழந்தைக்கும் பணிவிடை செய்வதாகத் தியானிக்கக் கற்பிக்கிறார். தியானம் வேறு, விளையாட்டு வேறு. எனினும், இன்னொருவர் நிலையில் நின்று பார்க்கும் ஆற்றலை மனிதனுக்கு இறைவன் வீணாகத் தரவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆனால் நேரம் எங்கே? இதற்கு விடை சொல்லக்கூடியவர் நம் சிறுமலர்தான்.

பிரான்சு நாட்டு லிசியே நகரக் கார்மேல் மடத்தில் 1888 இல், பதினைந்து வயதில் நுழைந்தவர் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. செபம், வேலை, மௌனம் என்று நாள் முழுவதும் மணியோசைக்குக் கட்டுப்பட்ட வாழ்வு அது. ஆயினும் உணவுக்குப் பின் இருவேளை, யாவரும் கூடிப் பேசி மகிழ்வதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. பெருநாட்களில் அந்நேரத்தில் கன்னியரே நாடகம் நடித்தனர். 1894 முதல் 1897 வரை இத்தகைய எட்டு நாடகங்களைத் தெரேசா, தமக்குக் கிடைத்த சிறு சிறு ஓய்வுகளில் எழுதினார், தாமும் நடித்தார்.

1895 ஜனவரி 21 இல் அவர் ஜோன் ஆஃப் ஆர்க் அம்மையாராக நடித்தபோது, சிதைக்காக ஏற்றிய விளக்குகளிலிருந்து திரைப்பொருள்களில் தீப்பற்றியது. அசையாதிருக்கும்படி சொன்னார்கள், பிறர் தீயை அணைக்கும்வரை அவர் அமைதியாய் நின்றார். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எழுதியதில், ஒவ்வொரு சகோதரியும் சீட்டு ஒன்றை எடுக்க, குழந்தை இயேசு அவரிடம் கேட்கும் காணிக்கை இன்னதென்று பாட்டாகப் பாடப்படும். மற்றொரு முறை, நாடகம் நீண்டுவிட்டது, சகோதரிகள் களைத்துவிட்டனர் என்று தலைவியார் நடுவிலேயே நிறுத்திவிட்டார். அத்தலைவியார் வேறு யாருமல்லர், தெரேசாவின் உடன்பிறந்த அக்காளே. திரைமறைவில் கண்ணீரைத் துடைத்துக்கொண்ட தெரேசா, பின் அமைதியடைந்தார்.

இதில் குடும்பத்தார் கற்க வேண்டிய பாடம் இரண்டு. முதலாவது, மடத்தில் பொழுதுபோக்கு மிச்ச நேரத்தில் நடக்கவில்லை. மிச்ச நேரம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. மணியடித்துத் தொடங்கினார்கள். ‘ஓய்வு கிடைத்தால் ஆடுவோம்’ என்பவருக்கு ஓய்வு ஒருநாளும் கிடைப்பதில்லை. கிடைக்கும் துண்டு நேரங்களையோ கைப்பேசி விழுங்கிவிடுகிறது. இரண்டாவது, மணியடித்தபோது நிறுத்தினார்கள். கண்ணீர் வந்தாலும் நிறுத்தினார்கள்.

புனித பிரான்சிஸ்கு சலேசியார் 1609 இல் இல்லறத்தாருக்காகவும் எழுதி வெளியிட்ட பக்தி வாழ்வு நூலிலும் இதே எச்சரிக்கை உண்டு. சதுரங்கம் நல்ல விளையாட்டு என்று ஒப்பும் அவர், ஐந்தாறு மணி நேரம் ஆடி எழுந்தால் மனம் இளைப்பாறாமல் களைத்தே போகும் என்கிறார். பகடையை அவர் கண்டித்ததும் உண்மையே. உழைப்பும் திறமையும் இன்றிக் குருட்டு அதிர்ஷ்டத்தால் ஆதாயம் பெறுவதையே கண்டித்தார். ஆதாயமே இல்லாத இடத்தில் அக்கண்டனம் பொருந்தாது என்பது நம் எண்ணம்.

இவற்றையெல்லாம் எண்ணி, அத்தம்பதியரை அழைத்தோம். முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு துணைவியாரிடம், “அம்மா, நீங்கள் என்ன விளையாடுவீர்கள்?” என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. “பள்ளியில் இறகுப்பந்து ஆடினேன், சுவாமி. மட்டையைத் தொட்டுப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை” என்றார். கணவர் தலை குனிந்தார். நாமும்தான்.

மனத்தாங்கலின் வேர் அப்போதுதான் தெரிந்தது. கணவர் மந்திரவாதியானதில் அந்த அம்மையாருக்கு உண்மையில் வருத்தமில்லை. அவர் விளையாடிய ஒவ்வோர் இரவிலும் அடுக்களையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் தம் தோளில் மட்டுமே விழுந்தன என்பதே வருத்தம். ஒருவருடைய விளையாட்டு மற்றவருடைய உழைப்பின்மேல் அமர்ந்திருக்குமானால் அது இளைப்பாறுதல் ஆகாது. அது கடன். தாமஸ் கூறிய ‘பிறருக்குத் தீங்கு’ என்பதில் இதுவும் அடங்கும் என்போம்.

அவர்கள் அன்று செய்துகொண்ட ஏற்பாடு இது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை இரவு ஏழு முதல் பத்து வரை அவருக்கு. பத்து மணிக்குக் கதை எந்த இடத்தில் இருந்தாலும் நிற்கும். ஞாயிறு காலைத் திருப்பலிக்குக் குடும்பத்தோடு வந்தாக வேண்டும். புதன்கிழமை மாலைகள் அம்மையாருக்கு. அன்று சமையலும் பிள்ளைகளும் கணவர் பொறுப்பு. எவர் நாளையும் மற்றவர் கேளாமல் மாற்றுவதில்லை. இதை எழுதி அடுக்களை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். முதல் புதன்கிழமை ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாராம் நம் மந்திரவாதி. பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கலைந்த தோழரைச் சேர்ப்பதுதான் கடினமாயிருந்தது. மனைவியை இழந்த அந்நண்பர் முதலில் வர மறுத்தார். இவர் மாதந்தோறும் நாளைச் சொல்லி அழைத்துக்கொண்டேயிருந்தார். நான்காம் மாதம் அவர் வந்தார்.

உங்கள் வீட்டில் அது சீட்டாட்டமோ, சதுரங்கமோ, பந்தோ, பாட்டோ, எதுவாகவும் இருக்கலாம். இம்மாதம் ஒருநாள், இரவுச் செபத்துக்குப் பின், கணவன் மனைவியையும் மனைவி கணவனையும் கேளுங்கள்: “கடைசியாக நீ எப்போது விளையாடினாய்?” விடை சொல்ல நேரமானால், நாட்காட்டியை எடுத்து, ஒரு பேனாவையும் அவர் கையில் கொடுங்கள்.

இறையாசி உங்கள் இல்லங்களில் தங்குவதாக.