லைசோசைமும் சீம்பாலும்

பெனிசிலினைக் கண்ட பெருமையால் உலகப் பிரசித்தி பெற்ற அலெக்சாண்டர் பிளெமிங், அதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1921இல், ஜலதோஷத்தால் ஒழுகிய மூக்குச் சளியிலும், பின்னர்க் கண்ணீரிலும் முட்டையின் வெண்கருவிலும், பாக்டீரியாவின் புறச்சுவரைக் கரைத்தழிக்கும் லைசோசைம் என்னும் புரதம் இருக்கக் கண்டார் என்பதைப் பலர் அறியார். கொடிய நோய்க்கிருமிகள் பலவற்றை அது கொல்லவில்லை என்ற காரணத்தால் வைத்திய உலகம் அதை அலட்சியம் செய்தது. கொல்வது ஒன்றே காவல் என்று கருதிய அந்த மதிப்பீடு குறுகியது என்பது என் அபிப்பிராயம்.

பிறவியிலேயே நம் சரீரத்துக்கு வாய்த்த இவ்வகைப் புரதங்களின் தொழில் பலவிதம். தாய்ப்பாலிலுள்ள லாக்டோஃபெரின், கிருமிகள் வளர இன்றியமையாத இரும்புச்சத்தைத் தான் பற்றிக்கொண்டு அவற்றைப் பட்டினி போடுகிறது. அதிலிருந்து பிரியும் சிறு துண்டொன்றோ அவற்றின் சவ்வையே சிதைக்கிறது. எல்.எல்.37 என்னும் வறண்ட பெயர் கொண்ட மற்றொரு புரதம், கிருமியைத் தாக்குவதோடு அமையாமல், வெள்ளணுக்களை வரவழைத்து, புண் ஆறவும் துணைபுரிகிறது.

லாக்டோஃபெரின் மிகச் செறிந்திருப்பது பிரசவித்த முதல் சில தினங்களில் சுரக்கும் சீம்பாலில். அதன் மஞ்சள் நிறத்தைக் கண்டு கெட்ட பாலென்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சிசுவின் நாவில் சர்க்கரைத் தண்ணீரைத் தடவும் வழக்கத்தை, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்டவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவரும் இக்காலத்திலும், மூத்தோர் சொல்லுக்கு அஞ்சி அனுமதிப்பது நியாயமன்று.