‘கதை விடாதே!’ - ஒரு சொல்லுக்குள் இத்தனை கதையா?

“கதை விடாதே”, “கதை கட்டாதே”, “சும்மா கதை அளக்காதே.” ஒரு நாளில் இந்த மூன்றில் ஒன்றாவது காதில் விழாத வீடு நம் ஊரில் இருக்கிறதா? சொல்கிற விதம்தான் வேறு, அர்த்தம் ஒன்றுதான்: நீ சொல்வது பொய்.

இதே சொல்லைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். “என் கதையைக் கேட்டா அழுதுடுவீங்க” என்றால் அது ஒருவருடைய வாழ்க்கை. “அவன் கதை முடிஞ்சுது” என்றால் உயிர். “அது வேற கதை” என்றால் விஷயம். “இது கதைக்கு ஆகாது” என்றால் காரியம். இலங்கைத் தமிழர் ஒருவர் “அவரோட கதைச்சுப்போட்டு வாறன்” என்றால், பேசிவிட்டு வருகிறார் என்று பொருள். அங்கே கதைப்பது என்றாலே பேசுவதுதான்.

பொய், வாழ்க்கை, உயிர், விஷயம், காரியம், பேச்சு. இரண்டே எழுத்துச் சொல் சுமக்கிற பாரத்தைப் பாருங்கள்!

பீமன் கையிலும் கதை

திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு, ஆரணி, வந்தவாசி பக்கம் வந்தால் இன்னொரு கதையும் கிடைக்கும். அது பீமன் தோளில் இருக்கும் கதை, கதாயுதம். வடமொழியில் இரண்டுக்கும் ஒலி வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுதான்.

இந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதம் இல்லாமல் நடக்காது. பகலில் பாரதப் பிரசங்கம். ராத்திரி விடிய விடியத் தெருக்கூத்து. கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன் தரையில் படுத்திருப்பான். பீமன் வேஷக்காரர் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அவன் தொடையில் கதையால் அடிப்பார். விரித்த கூந்தலைத் திரௌபதி முடிந்துகொள்வாள். சாயங்காலம் தீமிதி. ஆக, அத்தனை நாள் நடந்த கதையை முடித்து வைப்பதும் ஒரு கதைதான்.

மண் பொம்மை என்று எல்லாருக்கும் தெரியும். வேஷம் கட்டியிருப்பவர் பக்கத்து ஊர்க்காரர் என்றும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அழுகிறவர்கள் உண்டு, அருள் வந்து ஆடுகிறவர்கள் உண்டு. “இதெல்லாம் கதை” என்று அங்கே யாரும் உதறிவிட்டுப் போவதில்லை.

செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமம் கூத்துக்குப் பேர் போனது. கண்ணப்பத் தம்பிரான் வழிவந்த அந்தக் கூத்துக் குழு, கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் எழுதிய கதை ஒன்றையும் கூத்தாக ஆடியிருக்கிறது. சிறகு முளைத்த ஒரு கிழவனின் கதை அது. எங்கோ இருக்கிற நாட்டின் கதைக்கும் நம் ஊர் ராகம் பொருந்திப்போனது.

ஓதியதும் நெய்ததும்

செய்யாற்றில் இருக்கிற திருவோத்தூர் வேதபுரீஸ்வரர் கோயிலின் பெயரிலேயே ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. ‘ஓத்து’ என்றால் ஓதப்படுவது, வேதம். சிவன் தேவர்களுக்கு வேதம் ஓதிய இடம் என்கிறது தலபுராணம். வாயால் சொல்லி, காதால் கேட்டதை வைத்தே ஒரு ஊருக்குப் பெயர் வந்திருக்கிறது.

அடுத்த ஊரான ஆரணிக்குப் பட்டுதான் அடையாளம். தறியில் பாவும் ஊடையும் சேர்ந்தால் சேலை. தமிழில் தறிக்குப் போவதும் நூல், நூலகத்தில் இருப்பதும் நூல். இது தற்செயல் இல்லை. 13-ம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதற்கு விளக்கமே தருகிறார். சொல்தான் பஞ்சு, செய்யுள்தான் இழை, எழுதுகிறவர் நூற்கிறவர், அவருடைய அறிவுதான் கதிர் என்கிறார். நாமும் “நல்லா கதை பின்னுறான்” என்கிறோம். ஆசையை மறைமுகமாகச் சொல்லிப் பார்ப்பவனை “நூல் விடுறான்” என்கிறோம்.

‘ரீல்’ கதை இன்னும் சுவாரஸ்யம். அப்பா தலைமுறைக்கு “ரீல் விடாதே” என்றால் பொய் சொல்லாதே. இன்றைய பிள்ளைகளுக்கு ரீல்ஸ் என்றால் போனில் போடுகிற குட்டி வீடியோ. ‘ஸ்டோரி’யும் அப்படித்தான். இன்ஸ்டாகிராமில் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நான் வேலை பார்க்கும் டிஜிட்டல் டெஸ்க்கில் ஸ்டோரி என்றால் செய்தி, அது உண்மையாக இருந்தே ஆக வேண்டும். வீட்டில் கதை என்றால் பொய், ஆபீஸில் ஸ்டோரி என்றால் நிஜம். இந்த முரண்பாட்டோடுதான் தினமும் பஸ் ஏறுகிறேன்.

புராணமும் காலட்சேபமும்

பெரிய சொற்களும் வீட்டுக்குள் வந்தால் இளைத்துப்போகின்றன. புராணம் என்றால் பழமையானது. அம்மா தன் கஷ்டத்தை இரண்டாவது தடவை சொன்னால், “உன் புராணத்தை ஆரம்பிச்சுட்டியா?” என்கிறோம். பேச்சு கொஞ்சம் நீண்டால், “என்ன, பெரிய ராமாயணமா இருக்கு?”

காலட்சேபம் என்ற சொல்லுக்கு நேர் பொருள், காலத்தைக் கழிப்பது. கதை சொல்லி, பாட்டுப் பாடிச் செய்தால் அது கதாகாலட்சேபம். கையில் காசில்லாத பெரியவர் “ஏதோ காலட்சேபம் ஓடுது” என்று சொன்னால், அது பிழைப்பு. கதை கேட்பதற்கும் உயிர் வாழ்வதற்கும் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறோம்.

வரலாறு? வரல், ஆறு என்று பிரித்தால், வந்த வழி. இங்கே ஆறு என்பது பாதை. செய்யாறு என்ற பெயரில் இருக்கும் ஆறு, நதி. சங்க இலக்கியமான மலைபடுகடாம் இந்த நதியைச் ‘சேயாறு’ என்கிறது. சேய் என்றால் பிள்ளை, முருகன். முருகன் வேலெறிந்து, தாய் பார்வதிக்காக வரவழைத்த ஆறு என்பது இந்தப் பக்கத்துக் கதை. இந்த ஊரில் நதியைப் பற்றிப் பேசினாலும் கதையில்தான் போய் முடிகிறது.

இனி விளையாட்டில்லை

இவ்வளவு அர்த்தம் இருந்தும், வீட்டில் நாம் அதிகம் எடுத்துப் பயன்படுத்துவது அந்த முதல் அர்த்தத்தைத்தான். அதுவும் யாரிடம் பாருங்கள். மேலதிகாரியிடம் “கதை விடாதீங்க சார்” என்று யாராவது சொல்கிறோமா? குழந்தையிடம் சொல்கிறோம். நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது என்கிற அக்காவிடம் சொல்கிறோம். தாத்தாவிடம் சொல்கிறோம்.

“டியூஷனுக்குப் போகமாட்டேன், வயிறு வலிக்குது” என்று பிள்ளை சொன்னால், “கதை கட்டாதே, கிளம்பு” என்பதுதான் பல வீடுகளில் முதல் பதில். பல நாள் அது கதையாகவே இருக்கலாம். ஒரு நாள் அது, யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதற்குப் பிள்ளை கண்டுபிடித்த வழியாகவும் இருக்கலாம். அன்றைக்கும் அதே பதில் வந்தால், அந்தப் பிள்ளை மறுபடி வாய் திறப்பது கஷ்டம். (குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டையும் போனில் சேமித்து வையுங்கள்.)

ஆயிரக்கணக்கான வருஷத்துக் கதைக்குப் படுகளத்தில் அழத் தெரிந்த நமக்கு, அடுப்படியில் சொல்லப்படுகிற கதையைக் கேட்க ஐந்து நிமிஷம் இல்லாமல் போகலாமா?

கூத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. எவ்வளவு பெரிய ராஜா வந்தாலும், கட்டியக்காரன் எதிரே நின்று கேள்வி கேட்பான். நீங்கள் யார், எந்த ஊர், இங்கே எதற்கு வந்தீர்கள்? அவன் கேட்டால்தான் ராஜா தன் கதையைச் சொல்ல முடியும். பாட்டி கதை சொல்லும்போது நம்மை ‘ம்’ கொட்டச் சொன்னாளே, அதுவும் இதே ஏற்பாடுதான். ‘ம்’ நின்றால் கதையும் நின்றுவிடும்.

இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் ஏதாவது சொல்ல ஆரம்பிப்பார். பாதியில் நாக்கு நுனிக்கு வருகிற “கதை விடாதே”வை விழுங்கிவிட்டு, “ம்... அப்புறம்?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அது பொய்யா, நிஜமா என்பதை முழுசாகக் கேட்ட பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.